நோய்க்கு அசையாத சேவல்

இந்த மேஜைக்கு ஒரு கால் குட்டை. ஒரு அட்டையை நாலாக மடித்து அடியில் செருகினால் ஆட்டம் நின்றுவிடும். எனக்காகச் சொல்லவில்லை ஐயா, எழுதுகிற பெண்ணுக்காகச் சொல்கிறேன். நான் சொல்வதை நாளைக்கு நாலு பேர் படிக்க வேண்டியிருக்கும். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் அவர்களுக்குத்தான் சிரமம்.

பெயர் யோராம் மிசாங்கா. வயது ஐம்பத்து மூன்று. முகுங்கா கிராமத்தில் கோழிகளுக்குச் சொட்டு மருந்து போடுகிறவன். ஊர்க்கூட்டத்தில் கை தூக்கி என்னைத் தேர்ந்தெடுத்துப் பதினோரு வருடம் ஆகிறது. தாளின் தலையில் குற்றவாளி என்று எழுதச் சொன்னீர்கள். எழுதிக்கொள்ளட்டும். அலுவலக முறை எனக்கும் தெரியும்.

சிங்கிடா பக்கத்தில் கோழிதான் எல்லாம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சூரியகாந்தி ஒரு வருடம் விளையும், ஒரு வருடம் கருகும். கோழி அப்படியில்லை. பள்ளிக்கூடச் சீருடை, பல்வலி, பெண்ணுக்கு நிச்சயம், எது வந்தாலும் இரண்டு கோழியைப் பிடித்து டோடோமா சாலைக்குப் போய் நின்றால் பஸ்ஸில் போகிறவர்கள் வாங்கிக்கொள்வார்கள். அந்தக் கோழிக்கு ஒரே எமன் கழிச்சல் நோய். காற்று வறண்டு புழுதி கிளம்புகிற மாதங்களில் வரும். வந்தால் ஒரு வாரத்தில் ஊரைத் துடைத்துவிட்டுப் போகும். அதைத் தடுக்கத்தான் நான். நான்கு மாதத்துக்கு ஒரு முறை, விடிகிற நேரத்தில், வீட்டுக்குள் அடைத்த கோழிகளை வெளியே விடுவதற்கு முன்னால் போய், ஒரு கண்ணில் ஒரே ஒரு சொட்டு. கண் சிமிட்டும் வரை பிடித்திருந்து விட வேண்டும்.

ஒழுங்காகச் செய்தேன். யாரையும் கேட்டுப் பாருங்கள். ஆனால் இந்த வேலைக்கு நன்றி கிடையாது ஐயா. கோழி பிழைத்தால் கடவுள் காப்பாற்றினார். செத்தால் யோராம் கொன்றான். ஒரு நாள் எலினீமா என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"என்ன டாக்டரே, உங்க சொட்டு போட்டும் என் பெட்டை செத்துப்போச்சே?"

"எப்பச் செத்துச்சு?"

"நேத்து. பஸ்ஸுல அடிபட்டு."

"அப்ப பஸ்ஸுக்கும் ஒரு சொட்டு போட்டிருக்கணும்னு சொல்றியா?"

"போட்டா நல்லதுதானே அண்ணே, அதுவும் கண்ணு தெரியாமத்தான் ஓடுது."

அவளுக்கு அப்படி ஒரு வாய். புருஷன் இறந்த பிறகும் அந்த வாய் குறையவில்லை. எங்கள் வழக்கப்படி மூத்த பிள்ளையின் பெயரை வைத்து அவளை எல்லாரும் செனோரினாம்மா என்றுதான் கூப்பிடுவோம். இப்போதும் அப்படித்தான் கூப்பிடுகிறோம். வேறு எப்படிக் கூப்பிடுவது என்று யாருக்கும் தெரியவில்லை.

ஆரம்பம் எங்கே என்று கேட்டீர்கள். ஆறு வருடத்துக்கு முன்னால் டாக்டர் கொன்சோலாத்தா என்று ஒரு அம்மா வந்தார். கோழிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர். என் வீட்டு முற்றத்தில்தான் மூன்று நாள் உட்கார்ந்தார். கோழியின் இறக்கையை விரித்து, உள்பக்கத்து நரம்பில் ஊசி போட்டுத் துளி ரத்தம் எடுத்துக் குப்பியில் அடைப்பார். நான் பிடித்துக் கொடுப்பேன். மரியாதையான பெண். என் கேள்வி எதையும் தட்டிக்கழிக்கவில்லை.

"சில கோழிக்குக் கழிச்சலை எதிர்க்கிற சக்தி பொறவியிலேயே இருக்குண்ணே. ரத்தத்தோட வர்றது. அப்பன் ஆத்தாகிட்டேயிருந்து குஞ்சுக்கு வரும், அந்தக் குஞ்சோட குஞ்சுக்கும் வரும். அதைக் கண்டுபிடிச்சுப் பெருக்கிட்டா உங்க குப்பியைத் தூக்கிப் பரண்ல போட்டுடலாம்."

"எந்தக் கோழின்னு எப்படிம்மா தெரியும்?"

"அதுதான் சிக்கல். சொட்டு போட்ட ஊர்ல எல்லாமே ஒண்ணுபோலத்தான் திரியும். சொட்டு போடாத ஊர்ல கழிச்சல் ஒரு தடவை பூந்து வெளியே வந்தா, ஒரே வாரத்துல தெரிஞ்சுடும், எது அசையாம நிக்குதுன்னு."

அந்த வாக்கியத்தை நான் வீட்டுக்குக் கொண்டு போனேன். உகாளிக் களி கிண்டும்போதும், ம்லெண்டாக் கீரை நறுக்கும்போதும் அது என்னோடு இருந்தது. நான் தனி ஆள் ஐயா. மனைவி போய் நாளாகிறது. தனி ஆளுக்கு ஒரு நல்ல வாக்கியம் கிடைத்தால் அதோடுதான் பேசிக்கொண்டிருப்பான்.

அந்த அம்மா அதோடு நிறுத்தவில்லை என்று அவரே உங்களிடம் சொல்லியிருப்பார். உண்மைதான். "ஆனா அதுக்காக ஒரு ஊரைப் பலி குடுக்க முடியாது பாருங்க, அதான் நாங்க மூடின கொட்டகையில கொஞ்சம் கோழியை வச்சுப் பாக்குறோம்" என்றும் சொன்னார். படித்தவர்கள் அப்படித்தான் பேச வேண்டும். அவர்களுக்கு மேலே ஆட்கள் இருக்கிறார்கள்.

மறு வருடம் வருகிறேன் என்று போனவர் வரவில்லை. நாலு வருடம் பார்த்தேன். பிறகு யோசித்தேன். என் பேரனுக்குப் பேரன் காலம் வரைக்கும் முகுங்காவில் யாராவது ஒருவன் விடிகாலையில் குப்பியைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டுமா? எனக்குப் பேரன் இல்லை. பேச்சுக்குச் சொன்னேன். ஒரே ஒரு வாரம் எல்லாரும் பொறுத்துக்கொண்டால் அந்த அலைச்சலே இல்லை. வேறு எந்தக் கெட்ட எண்ணமும் எனக்கு இல்லை.

முதல் முறை தண்ணீர்தான் போட்டேன். கொதிக்க வைத்து, ஆற வைத்து, வெள்ளைத் துணியில் வடிகட்டிய தண்ணீர். கோழியின் கண் உறுத்தக் கூடாது என்பதில் கவனமாக இருந்தேன். நான்கு மாதம் கழித்து மறுபடியும் தண்ணீர். வந்த மருந்தெல்லாம் எங்கே என்று கேட்கிறீர்கள், அதற்கு வருகிறேன். எட்டு மாதம் காத்திருந்தேன். கழிச்சல் வரவில்லை. சுற்றியுள்ள ஊர்களில் எல்லாம் ஒழுங்காகச் சொட்டு போட்டிருந்தார்கள், பிறகு எங்கிருந்து வரும்? எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. பாதி அறுத்த வயிற்றைத் தைக்காமல் விடுகிற மாதிரி, தொடங்கிய வேலையை நடுவில் விடுவது என் சுபாவம் இல்லை.

செப்டம்பரில் தூரத்துச் சந்தையில் ஒரு கோழி கண்ணில் பட்டது. கழுத்து ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டு, பச்சையாகக் கழிந்துகொண்டு, கூடையின் ஓரத்தில் ஒதுங்கி நின்றது. விற்கிற கிழவர் அதைத் துணி போட்டு மறைத்து வைத்திருந்தார். அந்தக் கோழிதான் வேண்டும் என்று கேட்டதும் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார். ஊருக்குள் கொண்டுபோகவில்லை. வெளியே முள்மரத்தடியில் கட்டி வைத்தேன். அது செத்ததும், அதிலிருந்து எடுக்க வேண்டியதை எடுத்துக் குப்பித் தண்ணீரில் கலந்தேன். விவரம் வேண்டாம் ஐயா. இதைப் படித்துவிட்டு வேறு யாரும் செய்து பார்க்கக் கூடாது.

மூன்றாவது முறை அதைத்தான் போட்டேன். ஒரு கண்ணில் ஒரு சொட்டு, எப்போதும் போல.

எலினீமா வீட்டைப் பற்றி நீங்கள் நேற்றிலிருந்து திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். சொல்கிறேன். அவள் பெண் செனோரினாவுக்குப் பதினோரு வயது. பிறந்ததிலிருந்து இருதயத்தில் கோளாறு. நாலு எட்டு நடந்தால் உதடு கறுத்துவிடும், உட்கார்ந்துவிடுவாள். டார்-எஸ்-சலாமில் பெரிய ஆஸ்பத்திரியில் அறுவைக்கு நாள் குறித்துக் கொடுத்திருந்தார்கள், அக்டோபர் முடிவில். அறுவைச் செலவை அவர்களே பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள். போவதும், தங்குவதும், சாப்பிடுவதும், மற்ற மருந்தும் இவர்கள் பாடு. அதற்காக ஒன்றரை வருடமாக அவள் ஒரு முட்டையைக்கூட வாயில் போடாமல் அடை வைத்தாள். முப்பத்தொரு கோழி. வியாபாரி மசூடி இருபதாம் தேதி வந்து எல்லாவற்றையும் மொத்தமாகக் கூடையில் ஏற்றிக்கொள்வதாகப் பேச்சு.

நான் போனபோது பெண் கதவடியில் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். எலினீமா கோழியை ஒவ்வொன்றாகப் பிடித்து நீட்டினாள்.

"அண்ணே, இந்த வாட்டி ரெண்டு ரெண்டு சொட்டா போட்டுடுங்க. இதுங்கதான் எங்க பஸ்ஸு, இதுங்கதான் எங்க ஆஸ்பத்திரி."

"ஒண்ணே போதும் செனோரினாம்மா."

"கஞ்சப்பய மாதிரி பேசாதீங்க. கவர்மென்ட் மருந்துதானே?"

பெண் சிரித்தாள். சிரித்ததில் மூச்சு வாங்கியது. பிறகு என்னைப் பார்த்து, "மாமா, இதுக்கு எரியுமா?" என்று கேட்டாள்.

"எரியாதும்மா" என்றேன். அது பொய் இல்லை. எரிந்திருக்காது.

அந்த ஒரு வீட்டை விட்டிருக்கலாமே என்கிறீர்கள். நானும் நினைத்தேன். உள்ளே நுழைவதற்கு முன்னால் படலைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன், எனக்கு மனசு இல்லாமல் இல்லை. ஆனால் ஒரு வீட்டை விட்டால் அடுத்த வீட்டை எந்த நியாயத்தில் விடாமல் இருப்பது? தவிர, ஊரிலேயே அதிகக் கோழி அவளிடம்தான் இருந்தது. தேடுகிற கோழி அங்கே இருப்பதற்குத்தான் வாய்ப்பு அதிகம்.

நான்காம் நாள் தொடங்கியது. ஐந்தாம் நாள் முற்றங்களில் கோழிகள் கழுத்தை முறுக்கிக்கொண்டு வட்டம் சுற்றின. ஏழாம் நாள் குழி வெட்டினார்கள். நான் வீடு வீடாகப் போய் ஆறுதல் சொன்னேன், எத்தனை செத்தது, எத்தனை நிற்கிறது என்று நோட்டில் குறித்துக்கொண்டேன். மருந்து கெட்டுப்போயிருக்கும் என்று ஊர்க்காரர்களே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டார்கள். மருந்து கெடாமலிருக்க வெயிலில் நடந்து ஐஸ் வாங்கி வருகிற எனக்கு அது கொஞ்சம் வருத்தம்தான்.

நானூறு கோழிகளுக்கு மேல் இருந்த ஊரில் ஒன்பது மிஞ்சின. அடுத்த வாரம் அதில் எட்டும் போயின. மிஞ்சியது ஒரே ஒரு சேவல், எலினீமா வீட்டில். செம்பழுப்பு நிறம், கழுத்தில் இறகே இல்லாத மொட்டைக் கழுத்து. அத்தனை பிணத்துக்கும் நடுவில் குப்பைமேட்டில் ஏறி நின்று கூவியது. ஐயா, எனக்குக் கண் கலங்கிவிட்டது. டாக்டரம்மா சொன்னது அப்படியே என் கண் முன்னால் நின்றது.

மசூடி சொன்ன தேதிக்கு வந்தான். வேலிக்கு வெளியே இருந்தே எட்டிப் பார்த்தான். "மன்னிச்சுக்க அக்கா, இந்தப் பக்கத்து மண்ணு என் செருப்புல ஒட்டினாக்கூட என் கூடை மொத்தமும் போயிடும்" என்று சொல்லிவிட்டு வந்த வழியே போனான். எலினீமா அக்கம்பக்கத்தில் கேட்டாள். யாரிடம் இருக்கிறது? எல்லார் வீட்டுப் பையும் ஒரே வாரத்தில் காலியாகியிருந்தது. மற்ற வருடமாக இருந்தால் ஆளுக்கு இரண்டு கோழி கொடுத்து அனுப்பிவைத்திருப்பார்கள். இதை நான் முன்கூட்டியே யோசிக்கவில்லை. இதையும் எழுதிக்கொள்ளம்மா. யோசித்துச் செய்ததை ஒப்புக்கொள்வது போலவே யோசிக்காமல் விட்டதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆஸ்பத்திரி நாள் போய்விட்டது. நவம்பர் பதின்மூன்றாம் தேதி மத்தியானம், தண்ணீர் கேட்டுவிட்டு, அவள் அம்மா கொண்டுவருவதற்குள் பெண் போய்விட்டது. அது இருதயக் கோளாறு. அந்தச் சாவைத் தனியாக எழுதுவதுதான் முறை என்று நினைக்கிறேன்.

அடக்கத்துக்கு நானும் மண் தள்ளினேன். வெளியூர் ஜனங்கள் நிறைய வந்திருந்தார்கள். துக்கத்துக்கு வந்தவர்களை வெறும் உகாளி போட்டு அனுப்ப முடியாது. சாவு வீட்டுச் சேவலை அறுத்துத்தான் முதல் சட்டி ஏற வேண்டும். எலினீமாவின் மைத்துனர் கத்தியோடு போய் அந்த மொட்டைக் கழுத்தைப் பிடித்துவிட்டார். எனக்கு உயிரே போய்விட்டது. ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன்.

"இது வேண்டாம். புள்ள வளத்த கோழி, இதாவது நிக்கட்டும். என் வீட்டுலேர்ந்து ரெண்டு கொண்டாறேன்."

மைத்துனர் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். எலினீமா சேவலை வாங்கி என் கையில் கொடுத்தாள். நான் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய், இரண்டு நல்ல பெட்டைகளைப் பிடித்து வந்தேன். அந்த வீட்டில் அன்றைக்கு என்னைப் போல நல்லவன் இல்லை என்றார்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது.

எலினீமாவின் தங்கை தியோஃப்ரிதா மட்டும் சட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இலோங்கேரோவில் கட்டிக்கொடுத்த பெண், அக்காவைப் போலவே வாய்.

"ஏண்ணே, இந்த ஊர்ல ஒரு எறகுகூடப் பறக்கல. உங்க வீட்டுல மட்டும் எப்படிக் கொழுத்த பெட்டையா ரெண்டு?"

"கடவுள் புண்ணியம்" என்றேன்.

"உங்க கடவுளுக்கு எங்கக்கா வீடு தெரியாதோ?"

அவள் விடவில்லை. மறுநாளே என் முற்றத்துக்கு வந்து, நான் உள்ளே அடைத்து வைத்திருந்த கோழிகளை எண்ணிப் பார்த்துவிட்டாள். நாற்பது. ஊர் அலுவலகத்தில் போய்ச் சொன்னாள். கால்நடை அதிகாரி வந்து கேட்க ஏழு வாரம் ஆனது. அவர் கேட்டதும் நானே எல்லாவற்றையும் சொன்னேன். நீங்கள் கண்டுபிடித்ததாக எழுத வேண்டாம்.

ஆமாம், வந்த மருந்தையெல்லாம் என் கோழிகளுக்குப் போட்டேன். மூன்று முறையும். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பக்கம் மருந்து போட்ட கோழி வேண்டுமல்லவா. மீதியைக் குழி தோண்டி ஊற்றினேன். அந்த நாற்பதில் முப்பதைக் கொடுத்திருந்தால் பெண் பிழைத்திருக்குமே என்று நேற்று கேட்டீர்கள், குரலை உயர்த்தி. கொடுத்திருக்கலாம். கொடுத்தால் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். பிறகு மொத்த வேலையும் வீணாகும். அந்தக் கேள்வி சாவுக்கு முன்னாலேயே வந்திருக்கும், அவ்வளவுதான்.

நேற்று சாயங்காலம் இன்னொன்று சொன்னீர்கள். அந்தச் சேவல் எலினீமாவுடையதே இல்லை, தியோஃப்ரிதாவுடையது, கழிச்சலுக்கு ஒரு மாதம் முன்னால்தான் அக்காவிடம் விட்டுப்போனாள், இலோங்கேரோவில் அதற்கு இரண்டு தடவை நல்ல மருந்து போட்டிருந்தார்கள், அதனால்தான் நின்றது என்று. இருக்கலாம். எங்களில் கோழியைச் சொந்தக்காரர் வீட்டில் வளர்க்க விடுவதும், குஞ்சைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்வதும் வழக்கம்தான். ஒரு வீட்டு முற்றத்தில் நின்றுகொண்டு, இது யாருடைய கோழி என்று கேட்பது எங்களிடம் பெரிய அவமரியாதை. நீ ஏழை, இது உன்னுடையதாக இருக்காது என்று சொல்வது போல. நோட்டில் எல்லாவற்றையும் குறித்தேன். அதை மட்டும் கேட்கவில்லை. எலினீமா மனசைப் புண்படுத்த எனக்கு இஷ்டமில்லை.

இரவு முழுக்க அதை யோசித்தேன். என்றைக்கோ போட்ட இரண்டு சொட்டை வைத்து ஒரு சேவலின் பிறவிக் குணத்தை இல்லையென்று சொல்லிவிட முடியாது. மருந்தும் இருந்திருக்கலாம், ரத்தமும் இருந்திருக்கலாம். குஞ்சுகளைப் பார்த்தால் தெரிந்துவிடும். என் பெட்டைகளோடு அதைச் சேர்த்து அடை வைத்ததில் பதினெட்டுக் குஞ்சு பொரித்திருக்கிறது. மூன்று வாரக் குஞ்சுகள், பாதிக்கு மொட்டைக் கழுத்து. டாக்டர் கொன்சோலாத்தாவிடம் ஒப்படையுங்கள். அந்தக் குஞ்சுகள் நின்றால், நானூறு கோழிக்கும் அந்தப் பெண்ணுக்கும் ஒரு அர்த்தம் இருக்கும். எலினீமாவே ஒரு நாள் அதைப் புரிந்துகொள்வாள். இன்றைக்கு அவள் என் முகத்தில் துப்பியதை நான் மனசில் வைத்துக்கொள்ளவில்லை.

அந்தக் குஞ்சுகளுக்கு இதுவரை மருந்து போட்டதுண்டா என்று கேட்கிறீர்கள். உண்மையைத்தான் சொல்ல வேண்டும் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். உங்கள் வண்டி வந்த அன்று காலையில், ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊரில் கழிச்சல் கண்டிருக்கிறது என்று கேள்விப்பட்டேன். உடனே பதினெட்டையும் ஒவ்வொன்றாகப் பிடித்துச் சொட்டு போட்டுவிட்டேன். அடுத்த முறைக்கு வந்த நல்ல மருந்துதான், தண்ணீர் இல்லை. அருமையான குஞ்சுகள் ஐயா. ரத்தத்தை மட்டும் நம்பி விட்டுவிட எனக்கு மனசு வரவில்லை.